டிரம்மைக் கவிழ்த்து வை, கண்ணு

கண்ணு,

போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா, சுகன்யாவுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயில் வராததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை வருஷம் பால்வாடியில் ரிஜிஸ்டர் எழுதிய கை, ரிட்டயர் ஆன பிறகும் கோணாமல்தான் ஓடுகிறது. நீ இதைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படிக்காதே. வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தப் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படி. எதற்குப் பால்கனி என்று போகப் போகத் தெரியும்.

போன வாரம் சுகன்யா கூப்பிட்டாள். ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டே புகார் சொன்னாள். "அத்தை, உங்க புள்ள பால்கனில மூணு டிரம்மு வாங்கி ரொப்பி வெச்சிருக்காருங்க. ஒரு பாவாட காயப்போட எடமில்ல. இங்கதான் எந்நேரமும் குழாயில தண்ணி வருதே, எதுக்கு இதுன்னு கேட்டா, எங்கம்மா இப்படித்தான் என்னைக் காப்பாத்துனாங்கன்னு சொல்றாருங்க." எனக்கு அப்படிப் பெருமையாகிவிட்டது. உங்க அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தீனி கலந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்ல சொத்துதான் எழுதி வெச்சிருக்க பையனுக்கு" என்றார். அவர் எப்போதும் செய்கிற கேலிதான். ஆனால் அன்று மத்தியானம் களியைப் பிசையும்போது நீ சொன்ன வார்த்தையே காதில் ஓடிக்கொண்டிருந்தது. காப்பாற்றினாளாம் அம்மா. தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

என் பல்லை நீ பார்த்திருக்கிறாய். உன் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் நான் பல் தெரியச் சிரித்த போட்டோ ஒன்று கிடைக்காது. நம் ஊர் போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்கள் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் அதே காவிக் கறைதான். பெண் பார்க்க வந்தபோது உங்க அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேச முடியாது, அவர் வாயிலும் அதே நிறம். ஆனால் நீ பிறந்து ஏழாம் மாசம் கீழ் ஈறில் அரிசி போல ஒரு பல் எட்டிப் பார்த்த அன்று, என் பிள்ளைக்கு இந்தத் தண்ணீர் ஆகாது என்று முடிவு செய்துகொண்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. போக அரை மணி, வர முக்கால் மணி. பால்வாடி திறப்பதற்குள் இரண்டு நடை போய்வருவேன். உனக்குக் குடிக்க, உன் கஞ்சிக்கு, உன் வாய் கொப்பளிக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். நாங்கள் இரண்டு பேரும் போர்த் தண்ணீரையே குடித்தோம். நீ சிரிக்கும்போது இன்றைக்கும் உன் பல்லைத்தான் முதலில் பார்க்கிறேன். அதில் எனக்கு இருக்கிற கர்வம் வேறு எதிலும் கிடையாது.

பிறகு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது. ஊரே விளக்கு வைத்துக் கும்பிட்டது. ஆரம்பத்தில் எட்டு நாளுக்கு ஒரு தடவை, பத்து நாளுக்கு ஒரு தடவை என்று வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது பிடித்ததுதான் எனக்கு இந்தப் பைத்தியம். குடம், அண்டா, பெயிண்ட் வாளி, எண்ணெய் டின், உன் சின்ன வயசுக் குளியல் தொட்டி, எதுவாக இருந்தாலும் சரி, ஓட்டை இல்லாமல் இருந்தால் அது என் கண்ணுக்குத் தண்ணீர்ப் பாத்திரம். சொந்தக்காரர்கள் புதுமனைக்கு எவர்சில்வர் தூக்கு கொடுத்தால், இதில் எத்தனை சொம்பு பிடிக்கும் என்று மனசுக்குள் ஊற்றிப் பார்ப்பேன். கட்டிலுக்கு அடியில் குடம், பீரோவுக்குப் பக்கத்தில் குடம், சாமி படத்துக்குக் கீழே குடம். பத்தாவது படிக்கும்போது உன் கட்டிலை முன்பக்க ஆசாரத்துக்குத் தள்ளிவிட்டு அந்த அறையில் இரண்டு நீல டிரம் வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய். உங்க அப்பாதான், "இது வூடா இல்ல டேங்கா, நாம எங்க படுக்கறது" என்று கேட்டார்.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. வந்தும் நான் மாறவில்லை. முந்தின தடவை பிடித்ததைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் பிடிப்பேன். தண்ணீர் வருகிற நாளில் செத்த வீட்டுக்குக்கூட ஆறரைக்கு மேல்தான் போவேன். உன் கல்யாணம் முடிந்து பெண் வீட்டில் விருந்து போட்டார்கள். மறுநாள் தண்ணீர் வரும் நாள் என்று, எனக்கு மயக்கமாக இருக்கிறது என ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சாயந்திரமே கிருஷ்ணகிரியில் பஸ் ஏறிவிட்டேன். சுகன்யாவின் அம்மா அதை இன்னும் மறக்கவில்லை, அவர்கள் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. ஓசூருக்கு உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் கையில் ஐந்து லிட்டர் கேன். ஊர்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, அடுத்த நாள் விடிவதற்குள் திரும்பிவிடுவேன். பிரசவத்துக்கு வந்து இருங்கம்மா என்று நீ கேட்டபோது, பார்க்கலாம் என்று இழுத்தேனே, அதுவும் இந்தக் குழாய்க்காகத்தான். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொன்னது சும்மா. மாட்டை உங்க அப்பா என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரிந்த கதை, கொஞ்சம் சிரிப்பாய். இனிமேல் எழுதப்போவது தெரியாத கதை.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. ஊரில் அங்கொன்று இங்கொன்றாக டெங்குக் காய்ச்சல். கொசு மருந்து ஊற்றும் பெண்கள் வாரா வாரம் வீடு வீடாக வந்து டிரம்மைத் திறந்து பார்த்து, புழு இருந்தால் கொட்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மருந்து ஊற்றிவிட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். என் பிள்ளை குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு டிரம்மையும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், அங்கேயே நிரப்பி, சாக்கைப் போர்த்தி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டேன். அவர்களுக்கு அடுப்படியில் இருந்த குடங்களை மட்டும் காட்டினேன். டீச்சர் வீடு என்று அவர்களும் மேலே கேட்கவில்லை. இதில் கேவலம் என்ன தெரியுமா, அதே வாரம் பால்வாடியில் தாய்மார்களை உட்கார வைத்து, படம் போட்ட அட்டையைத் தூக்கிப் பிடித்து, வாரம் ஒரு நாள் டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்துங்கள் என்று நான்தான் பாடம் நடத்தினேன். அட்டையில் காட்டிய புழுவை வீட்டில் நானே வளர்த்துக்கொண்டிருந்தேன்.

நீயும் பக்கத்து வீட்டு ராஜம்மா மகன் செல்வமும் விடியற்காலையில் பென்னாகரம் ரோட்டில் ஓடப் போவீர்கள். மாநிலப் போட்டிக்கு இரண்டு பேரையும் எடுத்திருந்தார்கள். உங்க அப்பா தர்மபுரியிலிருந்து ஷூ வாங்கி வந்தார், நீ அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாய். ஷூ வந்த நாலாம் நாள் காய்ச்சல். அப்புறம் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி. ரத்தத்தில் அணு குறைகிறது, குறைகிறது என்று தினம் ஒரு தாளைக் காட்டினார்கள். மூன்றாம் நாள் சொந்தக்காரர் ஒருவரை உன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். என்னவோ தோன்றியது. கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சாக்கை விலக்கி மூடியைத் திறந்தேன். வெயில் உள்ளே விழுந்தது. தண்ணீர் முழுக்கப் புழு, மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அட்டையில் இருக்கிற அதே படம்.

இரண்டு டிரம்மையும் ஒற்றையாளாகச் சாய்த்து தென்னை மரத்தடியில் ஊற்றினேன். உங்க அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஈர மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் கொசு மருந்துக்காரர்கள் நாலைந்து பேராக வந்தார்கள், இந்த வீட்டில் காய்ச்சல் என்பதால் சுற்றுவட்டாரம் பூராவும் தேடினார்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று என்னிடம் கேட்டார்கள். நான் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். ராஜம்மா வீட்டுப் பின்புறம் உடைந்த ஆட்டுக்கல் ஒன்று கிடந்தது, அதில் மழைத் தண்ணீர். அதில் புழு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு, ராஜம்மாவை நிற்க வைத்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவே கேட்டது. ஆட்டுக்கல்தான் என்று தெருவே முடிவு செய்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன்.

கண்ணு, இன்னும் ஒன்று இருக்கிறது. நீ கண் விழித்த போதெல்லாம், "செல்வம் வந்தானா" என்று கேட்டாய். வரவில்லை என்றேன். வந்தான். இரண்டு தடவை வந்தான். முதல் தடவை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, இரண்டாம் தடவை வெறும் கையோடு. வார்டு வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறான், இப்போது பார்க்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ பிழைத்து வந்தாய், போட்டி போய்விட்டது, கால் பழைய பலத்துக்கு வர அடுத்த கோடை ஆகிவிட்டது. ஷூவைப் பரணில் போட்டாய். செல்வத்தோடு பேசுவதையும் அதோடு விட்டாய். நம்ம வூட்டுப் பக்கமே வராதவனுக்கு எதுக்குப் பத்திரிகை என்று உன் கல்யாணத்துக்குக்கூட அவனுக்கு வைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். நியாயமான கோபத்தை அம்மா என்பதற்காக விழுங்காதே. ஆனால் அந்த மூன்று டிரம்மை என்னைக் காரணம் காட்டி வைத்திருக்கிறாயே, அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி துணி காயப்போடுகிற இடத்தில் அந்தத் தண்ணீர் நிற்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் நீ அதை எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. நான் குடம் சுமந்தது நிஜம், அது வேண்டியிருந்தது, அதற்காக வெட்கப்படவில்லை. அந்தக் காலம் போன பிறகும் இறக்கி வைக்கத் தெரியாமல் போனதுதான் என் கோளாறு. அது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பயந்து பயந்து ஒரு வேலையைச் செய்தோம் என்றால், பயம் போன பிறகும் கை அந்த வேலையைக் கேட்கிறது. செய்யாவிட்டால் என்னவோ கெட்டது நடக்கும் போல இருக்கிறது. நீயும் கொஞ்சம் கவனித்துப் பார். டிரம் மட்டும் இல்லை. யாராவது மனசு நோகச் செய்தால் அப்படியே மூடி வைத்துக்கொள்வாய், திறந்து பார்க்க மாட்டாய். அதுவும் என்னிடமிருந்து வந்ததுதான்.

சொல்கிறவள் முதலில் செய்ய வேண்டும் இல்லையா. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தேன். வேண்டாத குடம் என்று எட்டு எடுத்து வாசலில் வைத்தேன், சாயந்திரத்துக்குள் ஐந்தைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டேன். நாளை தண்ணீர் வராவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தால் போதும், கால் தானாக வாசலுக்குப் போகிறது. உங்க அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து, "ஓட்ட போட்டாத்தான் நீ உடுவ" என்று சொல்லி, ஒவ்வொரு குடத்துக்கும் அடியில் குத்தினார். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே உட்கார்ந்து அழுதேன், பிளாஸ்டிக் குடத்துக்காக இந்த வயசில். இப்போது அதிலெல்லாம் மண் போட்டுக் கறிவேப்பிலையும் கத்தரியும் வைத்திருக்கிறார். நீல டிரம் இரண்டையும் பாதியாக அறுத்து மாட்டுக்குத் தீனித் தொட்டி ஆக்கிவிட்டார். வீட்டில் மீதி இருப்பது மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் குடம். உன் அறையில் தரை தெரிகிறது. அந்த இடத்தில் சிவப்பு சிமெண்ட் போட்டிருந்தோம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

குடத்தை ஒழிப்பது சுலபம் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ராஜம்மா வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் கை நிற்கவே இல்லை. கடைசியில், "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர்" என்றாள்.

அவளே சொன்னாள். "மழ உட்டு ஊரே காஞ்ச பொறவும் உங்க தென்னமரத்தடியில மூணு நாளா ஈரம் காயல. அப்பல்லாம் ஒரு சொம்புத் தண்ணி கீழ ஊத்துவீங்களா நீங்க? அப்பவே புரிஞ்சிக்கிட்டேன். புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கறான், அப்ப வந்து உங்ககிட்ட சண்ட புடிக்கச் சொல்றீங்களா?"

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன், அப்புறம் நாளாகிவிட்டது, பழகிவிட்டது என்றாள். கொஞ்ச நேரம் காயை உரித்துவிட்டு, "செல்வத்துக்கு மட்டும் நான் சொல்லல டீச்சர். உங்க மேல மரியாதையா இருக்கறான், அது எதுக்குப் போவணும்னு உட்டுட்டேன். அவன் இன்னமும் எங்க வூட்டு ஆட்டுக்கல்லாலதான் இவனுக்கு அப்படி ஆச்சின்னு நெனச்சிட்டிருக்கான்" என்றாள். செல்வமும் அதற்குப் பிறகு ஓடவில்லையாம். பென்னாகரத்தில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், அது உனக்கும் தெரியும். அவன் மாநிலப் போட்டிக்குப் போகவே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் வேலிக்கு இந்தப் பக்கமே இருந்திருக்கிறேன், ஒரு தடவை கேட்கவில்லை.

அதனால் இரண்டு வேலை இருக்கிறது உனக்கு. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அந்த மூன்று டிரம்மையும் கவிழ்த்துத் தேய்த்து, யாருக்காவது கொடுத்துவிடு. யாரும் இல்லையென்றால் உங்க அப்பாவுக்குச் சொல், கம்பியோடு வருவார். இரண்டாவது, செல்வத்துக்குப் போன் பண்ணு. நானே போய் அவனிடம் சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். ராஜம்மாதான், "அவன் கேக்கணும்னு இருக்கறது உங்க வாயில இல்ல டீச்சர், உங்க புள்ள வாயில" என்று நிறுத்திவிட்டாள். அவன் சாத்துக்குடி வாங்கி வந்ததை நீ மறக்காமல் கேள். உனக்குப் பிள்ளை பிறந்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார், அவன் பெயர் வரும். அம்மாவின் பேச்சை எதற்குக் கேட்டாயோ இல்லையோ, இதற்குக் கேள்.

நான் அடுத்த வாரம் புதன்கிழமை வருகிறேன், குழந்தை பிறந்து ஐந்து மாசம் வரை இருப்பதாக. புதன்கிழமை தண்ணீர் வரும் நாள். இதை எழுதும்போதுகூட வியாழன் என்று மாற்றிவிடலாமா என்று பேனா இழுத்தது. மாற்றவில்லை. உங்க அப்பாவை நம்பி ஆறு மணிக் குழாயை விட்டுவிட்டு வர முடியாது என்று உனக்கே தெரியும். இரண்டு குடம்தானே, நான் புடிச்சி வெக்கறேன், நீங்க போயிட்டு வாங்க என்று ராஜம்மா சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் எனக்கு வெட்கம் என்றால் என்ன என்று தெரிந்தது. முதல் பஸ்ஸுக்கே தர்மபுரி வந்து, ஓசூர் பஸ் பிடித்துவிடுவேன்.

இந்தத் தடவை கேன் கொண்டு வரமாட்டேன். வாசலில் வந்து நின்றதும் உன் வீட்டுக் குழாயில் பிடித்து ஒரு சொம்பு தண்ணீர் கொடு. குடித்துவிட்டு உட்காருகிறேன். அப்புறம் திட்டு.

அம்மா